ஜெபம் பண்ணி எடுத்த வண்டி

போன வாரம் பாப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்ப்பா, நாம முன்னாடி லிங்கராஜபுரம் சபைக்குத்தானே போயிட்டிருந்தோம்? ஏன் விட்டுட்டோம்?" நான் "தூரம்மா" என்று சொல்லிவிட்டேன். அது பொய் இல்லை. ஈஜிபுராவிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் அந்த இரண்டு பஸ்ஸையும் பல வருஷம் மாறி மாறிப் போய்க்கொண்டுதானே இருந்தோம். அதனால் உண்மையான காரணத்தைப் பாப்பா, தம்பி, உங்கள் இருவருக்கும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அப்போது நான் ராத்திரி கேப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐ.டி. கம்பெனி ஆட்களை வீட்டில் ஏற்றி ஆபீசில் இறக்க வேண்டும், ஆபீசில் ஏற்றி வீட்டில் இறக்க வேண்டும். வண்டி என்னுடையதல்ல, ட்ராவல்ஸ்காரருடையது. நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். நீங்கள் காலையில் சாக்ஸ் தேடிக்கொண்டிருக்கும்போது வந்து படுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். தம்பியை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது டீச்சர் அவனிடம், "உங்கப்பா என்ன வேலை செய்யறாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவன் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கப்பா தூங்குற வேலை" என்றானாம். டீச்சர் சிரித்தாராம், அம்மாவும் சிரித்தாளாம். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். அப்புறம் படுத்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கோடை லீவில்தான் நம் சந்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வேன்காரர் சொந்த ஊரோடு போய்விட்டார். சந்தில் இருக்கிற பெற்றோர் எல்லாரும் வேறு வேன் தேடிக்கொண்டிருந்தார்கள். மாடி வீட்டு அக்கா உங்களுக்கு நினைவிருக்கும், அவர்தான் முதலில் என்னிடம் கேட்டார். "நீங்கதான் டிரைவராச்சே அண்ணா. ஒரு பழைய வேனை எடுத்துப் போடுங்களேன். தெரிஞ்ச மனுஷன்கிட்ட பிள்ளைங்களை அனுப்பினா எங்களுக்கும் நிம்மதி." மற்றவர்களிடம் பேசியதும் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை. பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை காலையில் வண்டி சந்து முனையில் நிற்க வேண்டும். "நிக்கலைன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்குவோம், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று அப்போதே சொல்லிவிட்டார்.

காலையில் உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் நானே கூட்டி வந்து, ராத்திரி உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். என் ஆசை அவ்வளவுதான். பெரிய முதலாளி ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ட்ராவல்ஸ்காரரிடம் போய் வேலையை விடுகிறேன் என்றேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்காமல், "போறதா இருந்தா போப்பா. வேன் முதலாளி ஆகப்போறே. திரும்பி வந்தேன்னா மட்டும் நல்ல வண்டி கேக்காதே" என்றார். நான் ஏன் திரும்பி வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு சாவியை மேஜையில் வைத்தேன்.

வேன் நம் சபையிலேயே கிடைத்தது. விற்றவர் சபை மூப்பர்களில் ஒருவர். பேரை எழுத மாட்டேன், உங்களுக்கும் வேண்டாம். ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த டீசல் வேன் அது. முன்னால் குட்டையாக ஒரு பானெட், பின்னால் மூன்று வரிசை சீட். "வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை பிரதர். நம்ம வண்டி, நம்ம சபைப் பிள்ளைங்களுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். அம்மா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அதற்கு மேல் பணக்கணக்கு இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு சாயங்காலம் போய் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டு வந்திருந்த வண்டி. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பழைய டீசல் வண்டியைச் சூட்டோடு ஓட்டிப் பார்த்து வாங்கக் கூடாது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். இருமுகிறதா, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று அப்போதுதான் தெரியும். எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைச் சொல்வான். நானும் மூப்பரிடம் அதைச் சொன்னேன். "அதுக்கென்ன பிரதர், சனிக்கிழமை காலைல வாங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. திருப்தியா இருந்தா அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

சனிக்கிழமை நாம் நாலு பேரும் போனோம். பாப்பா புது கவுன் போட்டிருந்தாள். தம்பி பஸ்ஸில் எல்லாரிடமும், "நாங்க வேன் வாங்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மூப்பர் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பாஸ்டர் ஐயா நின்றுகொண்டிருந்தார். சபையிலிருந்து இன்னும் சில பேரும் வந்திருந்தார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"பாஸ்டருக்கு அடுத்து ஒரு வீட்டுப் பிரதிஷ்டை இருக்கு பிரதர். முதல்ல ஜெபத்தை முடிச்சிடலாம்" என்றார் மூப்பர்.

மற்றவர்கள் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். நம் சபையில் எல்லாரும் வண்டிமேல் கை வைத்து ஜெபம் பண்ணுவோம். ஜெபம் முடிந்தால் வண்டி எடுத்த மாதிரி. நான் இன்னும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லையே. ஆனால் பாஸ்டர் ஐயா கண்ணை மூடிவிட்டார். எல்லாரும் வண்டியைச் சுற்றி வந்து கை வைத்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் பானெட். வலது கையை அதன்மேல் வைத்தேன்.

பானெட் சுட்டது.

வெயிலில் சுட்டதல்ல. அந்தப் பக்கம் இன்னும் வெயிலே வரவில்லை, வாசல் முழுக்க வேப்பமர நிழல். கதவில் கை வைத்திருந்தால் குளிர்ந்துதான் இருந்திருக்கும். உள்ளே எஞ்சின் ரொம்ப நேரம் ஓடி இப்போதுதான் நின்றிருக்கிறது. நான் கண்ணைத் திறந்து மூப்பரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பாஸ்டர் ஐயா இந்த வாகனத்தின் சக்கரங்களை ஆசீர்வதியும், பிரேக்கை ஆசீர்வதியும், இதில் ஏறி இறங்குகிற சின்னஞ்சிறு பிள்ளைகளைக் காத்தருளும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். எஞ்சினையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். கை சுட்டுக்கொண்டே இருந்தது.

ஜெபத்தின் நடுவில் பேச முடியாது. முடிந்த பிறகாவது பேசியிருக்கலாம். ஜெபம் முடிந்ததும் மூப்பர் சாவியை என் கையில் வைத்தார், எல்லாரும் கைதட்டினார்கள், யாரோ போனில் போட்டோ எடுத்தார்கள். நான் மெதுவாக, "காலைல வண்டியை எடுத்தீங்களா பிரதர்?" என்று கேட்டேன்.

"கழுவ எடுத்தேன் பிரதர். அழுக்கு வண்டிமேல பாஸ்டர் ஐயாவைக் கை வைக்கச் சொல்ல முடியுமா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. ஜெபித்த வண்டியைச் சந்தேகப்பட்டால் ஜெபத்தையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். பாஸ்டர் ஐயா என் தோளில் தட்டி, "விசுவாசத்தோட ஓட்டுங்க" என்றார். விசுவாசத்தோடுதான் எடுத்தேன்.

சூடான எஞ்சின், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது.

காக்ஸ் டவுன் தாண்டும் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. அம்மா எனக்குப் பக்கத்தில், நீங்கள் இருவரும் பின்னால். ஒவ்வொரு சீட்டாக மாறி உட்கார்ந்து பார்த்தீர்கள். "இது என் சீட், வேற யாரும் உக்காரக் கூடாது" என்றான் தம்பி. "நாளன்னைக்குப் பெரிய பசங்க வந்து உன்னைத் தூக்கிப் போட்டுட்டு உக்காருவாங்க" என்றாள் பாப்பா. நான் சிரித்தேனா என்று நினைவில்லை. என் கண் சூடு காட்டுகிற முள்ளில் இருந்தது. அல்சூர் சிக்னலில் நிற்கும்போது அது பாதியைத் தாண்டியது. வண்டிகள் இன்னும் முழுதாகக் கிளம்பாத சனிக்கிழமைக் காலை டிராஃபிக்கில் அது அப்படி ஏறக் கூடாது.

நான் உள்ளே இருக்கிற ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். காலடியிலிருந்து அனல் அடித்தது.

"என்னங்க இது, காத்து இப்படிச் சுடுது?" என்றாள் அம்மா.

"ஹீட்டர்."

"மே மாசத்துலயா?"

"எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். அதுக்குத்தான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வண்டி சரியில்லையா?"

"இருக்கு."

"இருக்குன்னா? சரியா இருக்கா, சரியில்லாம இருக்கா?"

பின்னாலிருந்து பாப்பா, "அப்பா, ஏ.சி.யைக் குறைங்க, வேர்க்குது" என்றாள். அம்மா எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். அப்புறம் இந்திராநகர் நூறடி ரோடு முழுக்கப் பின்னால் திரும்பி, முந்தானையால் தம்பிக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

தொம்லூர் மேம்பாலம் ஏறும்போது முள் சிவப்புக்குப் போனது. பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது, கண்ணாடியே மறைந்துவிட்டது. ஓரம் கட்டினேன். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரனை அமுக்கின. ஒரு ஆட்டோக்காரர் நம்மைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, "அண்ணா, உள்ளே பிரியாணி தம்முல போட்டிருக்கீங்களா? மூடியைத் திறந்துடாதீங்க" என்று கத்திவிட்டுப் போனார். அவர் கேலியாகச் சொன்னாலும் சொன்னது சரிதான். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். டிராஃபிக் போலீஸ் ஒருவர் வந்து பானெட்டைக் கையால் தட்டினார். "ஏனப்பா, இல்லி நில்லிசிதியா? காடி தெகி, தெகி!" என்று, வண்டியை எடுக்கச் சொல்லி விரட்டினார். சார், ஆறினால்தான் நகரும் என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் ஆவியையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு, மற்ற வண்டிகளை நம்மைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு நமக்கு முதலில் உதவி செய்த ஆள் அவர்தான்.

ஆறின பிறகு துணியை மடித்து மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் மஞ்சளாக இருந்தது. துரு நிறம் இல்லை. கூழ் மாதிரி, ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு இருந்தது. அம்மா குனிந்து முகர்ந்தாள்.

"மஞ்சத் தூள்" என்றாள்.

"ஆமா."

"எஞ்சினுக்கு எதுக்கு மஞ்சத் தூள்?"

சொன்னேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகினால், நடுவழியில் மாட்டிக்கொண்ட டிரைவர்கள் கடையில் மஞ்சள் தூள் வாங்கிக் கொட்டுவோம். ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், வீடு போய்ச் சேர்வதற்குத் தாங்கும். நானே போட்டிருக்கிறேன். வழியில் போடுவது தப்பில்லை. போட்டுவிட்டு, கழுவித் துடைத்து, காலையில் ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டு, பாஸ்டரைக் கூப்பிடுவதுதான் வேறு.

அம்மா நிமிர்ந்தாள். "ஜெபத்துல அந்தாளு அழுதாரே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"மிளகாத் தூளைப் போட்ட கையோட கண்ணைத் துடைச்சிருந்தா கூட நம்பலாம். இது மஞ்சத் தூளாச்சே" என்றாள். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

டீக்கடையில் தண்ணீர் கேட்டு ஊற்றினோம். கொஞ்ச தூரம் ஓட்டுவது, முள் ஏறினால் நிறுத்துவது, ஆறினதும் மறுபடி ஊற்றுவது. இன்னர் ரிங் ரோட்டில் ஒரு நர்சரிக்காரர் செடிக்குப் பிடிக்கிற ஹோஸைக் கொடுத்தார். எஞ்சின் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தது, வெள்ளைப் புகை கக்கியது. தம்பி தூங்கிவிட்டான். பாப்பா மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஈஜிபுரா சிக்னலில், ரோடு போடாமல் நிற்கிற அந்த மேம்பாலத் தூண்களுக்குக் கீழே கடைசியாக ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். எப்படியாவது வண்டியைச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும், தள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே நினைப்பு.

ஓட்டிக்கொண்டுதான் போனேன். சந்து முனையில் மாடி வீட்டு அக்காவும் இன்னும் சில பெற்றோரும் காத்திருந்தார்கள். நாம் காலையில் போனது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் ஓடி வந்து வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். நான் எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. அக்கா கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "நீங்க உங்க முறைப்படி பண்ணியிருப்பீங்க. எங்க பிள்ளைங்க ஏறப்போற வண்டி, என் திருப்திக்கு ஒரு பழம் வைக்கட்டுமா? உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரே?" என்றார்.

"வைங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல.

முன் டயருக்குக் கீழே பழத்தை வைத்துவிட்டு எல்லாரும் விலகி நின்றார்கள். நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். முனகியது. மறுபடி திருப்பினேன். அதற்கப்புறம் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. பிள்ளைகள், "அங்கிள், நாங்க தள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். யாரும் தள்ளவில்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அக்கா குனிந்து அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கு, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மத்தியானம் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்குண்ணா. தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கு. ஹெட்டும் வளைஞ்சிருக்கும், பிரிச்சாத்தான் தெரியும். ஏற்கெனவே ஒருதரம் பிரிச்சு, சரியாப் பண்ணாம மூடியிருக்காங்க" என்றார். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் தண்ணீரைத் தடுக்கிற தகடு போய்விட்டது என்று அர்த்தம்.

"திங்கட்கிழமைக்கு ஆயிடுமா?"

"எந்தத் திங்கட்கிழமைக்குண்ணா?" என்றார் அவர்.

மூப்பருக்குப் போன் போட்டேன். "பிரைஸ் த லார்ட் பிரதர், நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். மஞ்சளைச் சொன்னேன். மஞ்சளா, தெரியாதே, எந்த டிரைவராவது போட்டிருப்பான் என்றார்.

"காலைல வண்டியை ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருந்தீங்க பிரதர். என் கை பானெட்டுலதான் இருந்தது."

"கழுவ எடுத்தேன்னு சொன்னேனே."

"திங்கட்கிழமை நான் பிள்ளைங்களை ஏத்தணும். வண்டியைத் திருப்பி எடுத்துக்குங்க. இல்லாட்டி ரிப்பேரையாவது நீங்க பாருங்க."

அவர் குரல் மாறியது. சபையில் பேசுகிற குரல். "பிரதர், அது ஜெபம் பண்ணி எடுத்த வண்டி. ஜெபம் பண்ணிக் கொடுத்ததை நான் எப்படித் திருப்பி வாங்குறது? நீங்க அதை மனுஷன்கிட்டயா வாங்கினீங்க, கர்த்தர்கிட்டயா?"

"உங்ககிட்டதான் பிரதர் வாங்கினேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் போக விருப்பமில்லை. அம்மாதான், "போகாம இருந்தா நாமதான் ஏதோ தப்பு பண்ணின மாதிரி" என்று கிளப்பினாள். நம் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். முதலில் எழுந்தது மூப்பர். மைக்கை வாங்கினார்.

"ரொம்ப மாசமா விலை போகாம இருந்த ஒரு வாகனம். எத்தனையோ பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஆண்டவர் அதை நேத்து கிருபையா விலை போக வச்சார். நம்ம சபையில இருக்கிற ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அதை ஆசீர்வாதமா மாத்தினார்."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உங்கள் அம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் அதற்கு முன் சபையில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஒரு சிஸ்டர் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"அந்த ஏழைக் குடும்பம் நாங்கதான்" என்றாள்.

சில பேர் புன்னகையோடு திரும்பிப் பார்த்தார்கள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"ஆசீர்வாதம் எங்க சந்து முனையில நிக்குது. ஸ்டார்ட் ஆகல. நேத்து எல்லாரும் கை வச்சு ஜெபிக்கும்போதே எஞ்சின் சூடா இருந்திருக்கு. ரேடியேட்டருக்குள்ள மஞ்சத் தூள் கொட்டியிருக்கு. யார் கொட்டினதுன்னு நான் சொல்லல. ஆண்டவருக்குத் தெரியும். நாளைக்கு ஸ்கூல் திறக்குது, என் வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டு நிக்கறார். அந்த வண்டிக்காக எல்லாரும் ஜெபிச்சுக்குங்க. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. முன் வரிசையில் காது சரியாகக் கேட்காத ஒரு பாட்டி மட்டும் பழக்க தோஷத்தில், "அல்லேலூயா!" என்று உரக்கச் சொன்னார். கீபோர்டு வாசிக்கிறவர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிப் பாடினார்கள்.

ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயா எங்களைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். "சிஸ்டர், அது சாட்சி சொல்ற நேரம். குற்றம் சொல்ற நேரம் இல்ல" என்றார்.

"அவர் சொன்னது சாட்சின்னா நான் சொன்னதும் சாட்சிதான் ஐயா. ஒரே வண்டியைப் பத்தித்தானே ரெண்டு பேரும் சொன்னோம்" என்றாள் அம்மா.

பாஸ்டர் ஐயா என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சு விட்டுடுங்க பிரதர். சபை உடையக் கூடாது."

"நீங்க அவரை ஒரு வார்த்தை கேளுங்க ஐயா. காலைல வண்டியை எதுக்கு ஓட்டினேன்னு உங்க முன்னாடி சொல்லட்டும். நான் மன்னிச்சுடறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. மூப்பர் வராந்தாவில் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டு நின்றார். நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும். பாஸ்டர் ஐயா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். நான் கண்ணை மூடவில்லை. உங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா எனக்கு முன்னாலேயே படியிறங்கிவிட்டாள்.

பாப்பா, இதுதான் காரணம். ஏமாற்றியவர் ஒருவர். அப்படி ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு, வண்டி வியாபாரத்தில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதற்காக நான் ஒரு சபையை விட்டிருக்க மாட்டேன். அத்தனை பேர் அன்றைக்கு அந்த வண்டிமேல் கை வைத்தார்கள். ஒருவர்கூட அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதிலுக்கு, "உங்க வீட்டுக்காரம்மா கொஞ்சம் வாயடக்கி இருக்கலாம்" என்று என்னிடம் சொல்ல மட்டும் மூன்று பேர் போன் பண்ணினார்கள். நான் இன்றைக்கும் ஜெபம் பண்ணுகிறேன். நீங்களும் பண்ணுங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணா. விவேக்நகர்ல ஒரு வேன்காரர் ஒத்துக்கிட்டார். எல்லாரும் அவருக்கே சொல்லிட்டாங்க. நாளைக்குப் பிள்ளைங்க போகணுமே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முதலிலேயே சொன்னதைத்தான் செய்தார். நான், "அந்த வண்டியில எங்க பிள்ளைங்களுக்கு இடம் இருக்குமா, கேட்டுச் சொல்றீங்களாக்கா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு சீட்டு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

பிறகு ட்ராவல்ஸுக்குப் போனேன். "வாங்க முதலாளி" என்றார் ட்ராவல்ஸ்காரர். அங்கே இருந்த டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். யாரும் எடுக்க விரும்பாத ரூட்டையும், யாரும் ஓட்ட விரும்பாத வண்டியையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நம் வேன் அந்த மழைக்காலம் முழுக்கச் சந்து முனையில் நின்றது. அடுத்த வருஷம் பழைய இரும்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வண்டியை நான் மறுபடி ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அந்தத் திங்கட்கிழமை காலையில் உங்களைச் சந்து முனைக்குக் கூட்டிப்போனது நான்தான். விவேக்நகர் வேன், நின்றுபோன நம் வேனுக்குப் பின்னால் வந்து நின்றது. தம்பி நம் வேனைக் காட்டி, அதில்தான் ஏறுவேன் என்று அழுதான். அவனைத் தூக்கி அந்த வண்டிக்குள் உட்கார வைத்தேன். பாப்பா தானாகவே ஏறிக்கொண்டாள். டிரைவர் சின்ன வயசுக்காரர், மரியாதையான பையன். "கதவை நல்லா சாத்துங்கண்ணா, லாக் கொஞ்சம் லூசு" என்றார்.

இழுத்துச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து படுத்தேன், ராத்திரி டியூட்டி இருந்தது. சாயங்காலம் நீங்கள் அந்த வேனிலிருந்து இறங்கினபோது நான் கிளம்பிப் போயிருந்தேன்.